செக்குக்குப் போன கறுப்புப் பருப்பு

வெள்ளைக் கோழி வளர்ப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது அறுபதுகளின் தொடக்கத்தில். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். கணவருக்கு விழுப்புரத்தில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் புருஷன். மற்ற நாள்களில் வீட்டில் மாமனார் வைத்ததுதான் சட்டம். பிளாக் ஆபீசில் சீமைக் கோழிக்குஞ்சு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரைக் கேட்காமலேயே கூடையோடு போய் வாங்கிவந்துவிட்டேன். சில நாள் அவர் என்னோடு பேசவில்லை. அது எனக்கு ஒரு வகையில் வசதியாகவே இருந்தது.

அந்தக் குஞ்சுகள் இறகு முளைக்கிற பருவத்தில் செத்தன. இறக்கை தொங்கிப்போகும், தீனிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும், காலையில் பார்த்தால் விறைத்துக் கிடக்கும். மாமனார் கோழிக் கொட்டாய் வாசலில் வந்து நின்றார்.

"சீமைக் கோழி நம்ம வெயிலு தாங்காதும்மா. இன்னொரு தபா வாங்கியாந்து அதுவும் செத்துதுன்னா கொட்டாயப் பிரிச்சிடுவேன். அப்புறம் இந்த வூட்ல கோழின்ற பேச்சே கூடாது."

"சரிங்க மாமா" என்று தலையாட்டிவிட்டு, அடுத்த சந்தை நாளுக்குள் இன்னொரு கூடைக் குஞ்சு கொண்டுவந்தேன்.

இந்த முறை ஒன்றும் குறை வைக்கவில்லை. ஊசி போட்டேன், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன், கூரைமேல் ஓலை பரப்பினேன். கேப்பை, தவிடு, மரக்காணத்துக் கருவாட்டுத் தூள், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் வீட்டுப் புண்ணாக்கு எல்லாம் பிளாக் ஆபீசில் சொன்ன அளவில் கலந்துதான் வைத்தேன். அப்படியும் அவை இறக்கையைத் தொங்கவிட்டன. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்த ஒன்றை எடுத்து அரிவாள்மணையில் அறுத்துப் பார்த்தேன். குடல் சுத்தமாக இருந்தது. ஈரல் மட்டும் வெளுத்து, மஞ்சள் பாய்ந்து உப்பியிருந்தது. வாராவாரம் கோழிக் குழம்பு வைக்கிறவளுக்கு ஈரலின் நிறம் தெரியாதா என்ன?

தின்றதில்தான் கோளாறு என்று தீர்மானித்தேன். வெயில் காரணம் என்றால் நாட்டுக்கோழிகளும் அல்லவா சாக வேண்டும்? அவை குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டு ஜோராகத் திரிந்தன. பிற்பகல் முழுக்க அவற்றின் பின்னாலேயே போனேன். பார்த்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். சாணியில் புழு, வேலியோரம் கரையான், அறுகம்புல் நுனி, சிந்திய கேப்பை என்று அவை ஆயிரம் இடத்தில் வாய் வைத்தன. ஒரு இடத்தில் கெட்டது இருந்தாலும் அடுத்த இடத்தில் நல்லது கிடைத்தது. அடைபட்ட குஞ்சுக்கோ நான் போட்டதுதான் உலகம்.

அன்றைக்கே மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தேன். கேப்பை நாங்களும் தின்பது. தவிடு புதிது. கருவாடு நாறியது, ஆனால் நாற வேண்டிய நாற்றம்தான். புண்ணாக்குக் கட்டியை உடைத்தபோது உள்ளே பச்சைப் பூசணம் தூளாகப் பறந்தது.

அந்தப் பூசணம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டையை உரிப்பதற்கு முன் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி வைப்பார்கள். மேல்தோடு நமுத்தால் விரல் வலிக்காது, பருப்பும் உடையாது. முழுப் பருப்பெல்லாம் மண்டிக்குப் போகும். அந்த ஈரத்தில் பூசணம் பூத்துக் கறுத்தது, சுருங்கியது, முளை விட்டது எல்லாம் வீட்டுச் செலவுக்கு என்று செக்குக்குப் போகும். கொல்லையில் விளைந்தது கோழிக்கு, கோழி எச்சம் திரும்பக் கொல்லைக்கு என்று நான் பெருமையாக நினைத்திருந்த அதே வழியில்தான் அந்த நஞ்சும் வந்திருந்தது.

புண்ணாக்கை நிறுத்தினேன். ஓட்டைப் பானையில் சாணியும் வைக்கோலும் திணித்துத் தண்ணீர் தெளித்து வேலியோரம் கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் கரையான் மொய்த்துக் கிடக்கும். அதைத் தட்டிப் போட்டேன், முருங்கைக்கீரையை நறுக்கிப் போட்டேன். சாகக் கிடந்தவை செத்தன. மீதி கழுத்தை நிமிர்த்தித் தீனிக்குச் சண்டை போட ஆரம்பித்தன. கொட்டாயும் தப்பித்தது.

ஆனால் என் பயம் குறையவில்லை, கூடிவிட்டது. அதே கறுப்புப் பருப்பைச் செக்கில் ஆட்டி வந்த எண்ணெயில்தான் நான் தினமும் தாளித்துக்கொண்டிருந்தேன். மாமனாரிடம் போய் நின்றேன்.

"இனிமே மல்லாட்டைக்குத் தண்ணி தெளிக்க வேணாங்க மாமா."

"கோழிக்கோசரம் ஊரு வழக்கத்த மாத்தச் சொல்றியா?"

"கோழிய வுடுங்க. அந்த எண்ணெயத்தான நாம சாப்புட்டுக்கினு இருக்கோம்? நல்லதெல்லாம் ஊருக்கு வித்துட்டு, பூத்துப்போனத நம்ம வயித்துல போட்டுக்கினு இருக்கோம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் அதையே சொன்னேன்.

அடுத்த மகசூல் களத்தில் குவிந்தது. உரிக்கிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வழக்கம்போல் தண்ணீர்க் குடத்தைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இன்றைக்கு யார் தடுத்தாலும் குவியல்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவது என்ற முடிவோடு நானும் போனேன். எனக்கு முன்னால் மாமனார் அங்கே நின்றிருந்தார்.

"தண்ணிய எட்ட வையிங்க. காஞ்சதத்தான் உரிக்கணும், மருமவ சொல்லுது."

"வெரலு பிஞ்சுடுங்களே" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது நியாயம்தான்.

"அப்ப கூலிப் படிய ஏத்தித்தாங்க குடுக்கணும் மாமா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எவ்ளோன்னு நீயே சொல்லிடும்மா" என்றார்.