விட்டுவிடட்டுமா என்று மகள் கேட்டாள்

மகள் அஸ்தம்பட்டியில் ஒரு சிகிச்சை மையத்தில் வேலை பார்க்கிறாள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உட்கார, பேச, வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கப் பழக்குகிற வேலை. நான் ஐந்தாவது வரை படித்தவள். அவள் எத்தனை தடவை சொல்லியும் எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை.

சாயங்காலம் வண்டியை நிறுத்தினால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு முழங்கைக்குக் கீழே பல் பதிந்திருந்தது.

"பையன் எவனாச்சும் கடிச்சுப் போட்டானா சாமி?"

"அவனுக்குச் சொல்லத் தெரியலீங்கம்மா, அதான் கடிக்கறான்" என்றாள். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே, "இந்த வேலைய உட்டுரட்டுமா? நீங்களே சொல்லுங்க."

விடு என்று சொல்லி, பின்னால் அவள் வருத்தப்பட்டால்? இரு என்று சொல்லி, உடம்புக்கு ஏதாவது வந்தால்?

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் பஸ் ஏறி அந்த மையத்துக்குப் போனேன். அங்குள்ள மேடத்திடம் அவளுக்காக லீவு கேட்கலாம் என்று நினைப்பு. வாசல் மேஜையில் இருந்த பெண், என்னையும் குழந்தையைக் கூட்டி வந்தவள் என்று நினைத்து, "ஏனுங்கம்மா, கொழந்தை எங்கீங்க?" என்றாள். கூச்சத்தில் "வருதுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

எதிரே கதவில் கண்ணாடி. உள்ளே ஒரு பையன் கோக்கக் கொடுத்த மணிகளை வீசி எறிந்தான். மகள் பொறுக்கிக் கொடுத்தாள். மறுபடி எறிந்தான். மறுபடி பொறுக்கினாள். திடீரென்று அவன் திரும்பி அவள் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டான். மகள் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

அவனை அவன் அம்மா கூட்டிப்போனதும், மகள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடுத்த குழந்தை கதவைத் தட்டியது. உடனே அதே சிரிப்பு முகத்துக்கு வந்துவிட்டது. அப்படியானால் முதலில் நான் பார்த்த சிரிப்பு? எது நிஜம் என்றே புரியவில்லை. மேடத்தைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன்.

"யோசிச்சீங்களாம்மா?" என்று மாலையில் கேட்டாள்.

"உடுன்னும் சொல்லத் தெரியல, இருன்னும் சொல்லத் தெரியல சாமி. இன்னிக்கு அங்க வந்து கண்ணாடி வழியாப் பாத்தேன்."

கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாத்தீங்களா? நான் எப்படிங்கம்மா இருக்கறேன்?" என்றாள், தன்னைப் பற்றித் தனக்கே தெரியாததுபோல.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்கறே" என்றேன்.

வெகுநேரம் அழுதாள். பிறகு அவளே மேடத்துக்குப் போன் பண்ணி லீவு கேட்டாள். கொடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளே தூங்குகிறாள். லீவு முடிந்ததும் போவாளா, நின்றுவிடுவாளா? அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.