கனகம் என்ற க்ளஸ்டர்

1. முதல் நாள்

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. என்னிடம் படித்த அருள், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரியாணிக் கடை மாடியில் சின்னதாக ஒரு டேட்டா கம்பெனி நடத்திக்கொண்டிருந்தான். கூப்பிட்டான், போனேன்.

முதல் நாளே, "இந்த க்ளையன்ட் லைப்ரரிய வச்சு ஒரு க்ளஸ்டர் எழுப்பிக் காட்டுங்க டீச்சர்" என்றான். பதினோராம் வகுப்பில் அவனை நான் போர்டு முன்னால் நிற்க வைத்ததற்குப் பழி வாங்குகிறான் என்றுதான் நினைத்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வேலையைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டுச் செய்தால் அந்தக் கூட்டத்துக்குப் பெயர் க்ளஸ்டர். அந்தக் கம்ப்யூட்டர்கள் நம்மிடம் இல்லை, இன்டர்நெட் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கிளவுடில் எங்கோ இருக்கின்றன. அவற்றைக் கூப்பிட, வேலை கொடுக்க, அனுப்பிவைக்க பைத்தான் மொழியில் நாலு வரி எழுதினால் போதும். நம் சார்பில் கிளவுடோடு பேசுவதுதான் க்ளையன்ட் லைப்ரரி.

நாலு வரி எழுதி ஓட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "ஆச்சு தம்பி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அதில் ஒரு வேலையைப் போட்டேன். அப்படி ஒரு க்ளஸ்டரே தயாராக இல்லை என்று எரர் வந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த முருகேசன் சிரித்துவிட்டார். "டீச்சர், அது 'சரி, செய்யுறேன்'னுதான் சொல்லிருக்கு. இன்னும் செஞ்சு முடிக்கல. ரிசல்ட்டுனு கேட்டுட்டு செத்த நேரம் காத்திருக்கணும்."

முருகேசன் சேவுகம்பட்டிக்காரர். மனைவி கனகவல்லிக்கு வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை என்பதால் குடும்பத்தோடு அங்கே குடிவந்து, தினமும் பஸ்ஸில் ஆபீஸ் வருவார். மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் எனக்கென்று ஒரு பங்கு வெஞ்சனம் தனியாக வரும். "எங்க கனகத்துக்கு கை சும்மா இருக்காது டீச்சர். லீவு நாள்லயும் எதையாச்சும் உருட்டிக்கிட்டே இருப்பா" என்பார். அந்த வாழைப்பூப் பொரியலுக்காகவே நான் லீவு போடாமல் வந்த நாட்கள் உண்டு.

2. சாமிகளை டெலிட் செய்வது எப்படி

க்ளஸ்டர் எழுப்பும்போது அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். வெளியூர் ஆபீஸ்களில் டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று வைப்பார்களாம். எங்கள் ஆபீஸில் அந்தோணியார், மாரியம்மன், ஆரோக்கியமாதா, முனியாண்டி. நல்லபடியாக ஓட வேண்டுமே என்ற பயம்தான் காரணம்.

ஓடவும் செய்தன. ஆனால் வேலை முடிந்ததும் டெலிட் செய்துவிட வேண்டும் என்பது விதி. டெலிட் செய்ய அந்தப் பெயரையே திரும்ப எழுத வேண்டும்.

"டீச்சர், மாரியம்மாள நீங்க எடுத்துருங்க. நான் அந்தோணியாரப் பாத்துக்கிறேன்" என்றார் முருகேசன்.

"என்னால ஆகாதுப்பா. அவ தெரு வழியா வரும்போது எங்க வீட்டு வாசல்லயும் நான் தண்ணி தெளிக்கிறவ."

"நானும் செவ்வாக்கிழமை தவறாம அந்தோணியாருக்கு மெழுகுத்திரி ஏத்துறவன் டீச்சர்."

இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். இரண்டு சாமிகளும் வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அருள் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "இனிமே ஒரு சாமி பேரும் கூடாது. டீச்சர், சாயங்காலம் ஆனா எல்லாத்தையும் தானா அழிக்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிருங்க."

எழுதினேன். சின்ன புரோகிராம்தான், ஓடுகிற க்ளஸ்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து அழித்துவிடும். யார் மனசும் நோகாது.

3. ஒரு வரி விலக்கு

அதற்கடுத்த வருடம் கனகவல்லி இறந்துபோனாள். நெஞ்சில் இருமலாக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று, அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். கடைசியில் போனபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

காரியங்கள் முடிந்து ஆபீஸ் வந்த அன்று முருகேசன் ஒரு சின்ன க்ளஸ்டர் எழுப்பினார். ஒற்றை மெஷின்தான். பெயர் கனகம். அதில் எந்த வேலையையும் போடவில்லை, சாயங்காலம் அதை அழிக்கவும் இல்லை.

அவர் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் என் ஸ்கிரிப்டைத் திறந்து, பெயர் கனகம் என்று இருந்தால் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தேன். எந்த வரி எழுதினாலும் மேலே காரணம் எழுதச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுகிறவள் நான். அந்த வரிக்கு மட்டும் காரணம் எழுத எனக்குக் கை வரவில்லை. அருள் அதைப் பார்த்தான், அப்படியே விட்டுவிட்டான். புதுக் கம்பெனிகளுக்குக் கிளவுட்காரர்கள் தரும் இலவசக் கிரெடிட்டில், வாடகையில்லாமல் அது ஓடிக்கொண்டிருந்தது.

4. முகாம் நாள்

ஒரு நாள் கனகவல்லி வேலை பார்த்த அதே மில்லில் நெஞ்சு எக்ஸ்ரே முகாம் நடந்தது. நடத்தியவர் சிஸ்டர் ஜெயராணி என்ற கன்னியாஸ்திரி. வெளியூரிலிருந்து ஒரு டாக்டரை ஒரே ஒரு நாளைக்குத்தான் அழைத்து வந்திருந்தார். அங்கே எடுக்கும் படங்களை எங்கள் க்ளஸ்டர் பார்த்து, சந்தேகமானவற்றைப் பிரித்து, ஆளுக்கொரு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அந்தப் பெண்களை டாக்டர் முதலில் பார்ப்பார். மில் பஸ் கிளம்புவதற்குள் இது நடந்தாக வேண்டும். பஸ் ஏறிவிட்டால் அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியாது. கூலியை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்?

நினைத்ததைவிடக் கூட்டம் அதிகம். மத்தியானம் சிஸ்டர் போன் செய்தார். "டீச்சரம்மா, எல்லா ஷிப்ட்டுப் பொம்பளைகளும் வந்துட்டாக. அம்புட்டுப் படத்தையும் ஏத்தியாச்சு. பஸ்ஸு வர்றதுக்குள்ள குடுத்துருவீங்கல்ல?"

பெரிய க்ளஸ்டர் எழுப்பப் போனேன். கோட்டா போதாது என்று எரர். இலவசக் கணக்குக்கு ஒரு நேரத்தில் சில மெஷின்தான் என்று ஒரு அளவு உண்டு, சும்மா ஓடுவதும் அதில் சேரும். கூட்டிக் கேட்டால் பதில் வர நாளாகும். சின்னதாக எழுப்பினால் படங்கள் முடிவதற்குள் பஸ் போய்விடும். ஓடுகிறவை என்னென்ன என்று லைப்ரரியிடம் கேட்டேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது.

அதிலேயே வேலையைப் போடலாமே என்று கேட்பீர்கள். படம் பார்க்கத் தேவையான சாஃப்ட்வேர் சாமான்களை க்ளஸ்டர் எழும்போதே ஏற்ற வேண்டும். அதில் அவை இல்லை. ஒற்றை மெஷினை நடுவில் பெரிதாக்கவும் முடியாது.

முருகேசன் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்காமல், "நிறுத்தி மட்டும் வைக்கலாம் முருகேசு. அழிக்க வேண்டாம். நிறுத்தினாலே இடம் கிடைச்சுரும்" என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கனகம், ஓடுகிறது, வேலைகள் ஏதுமில்லை என்று அதில் இருந்தது.

"ஒரு வேலையும் குடுக்காம இத்தன நாளா உக்கார வச்சிருக்கேனே டீச்சர்" என்றார். "அவளுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. தள்ளுங்க, நான் பண்றேன்."

என் நாற்காலியில் உட்கார்ந்து, பெயரைத் தானே எழுதி டெலிட் கொடுத்தார். அடுத்த வரியில் ரிசல்ட் என்று கேட்டார். கர்சர் அப்படியே நின்றது. கீழே கடையில் பிரியாணி அண்டாவைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவர் தோளில் கை வைத்தேன். அவர் அழுதார், நானும் அழுதேன். டெலிட் முடிந்தது என்று திரையில் வந்தது.

பெரிய க்ளஸ்டருக்கு முகாம் என்று நான் வைத்திருந்த பெயரை முருகேசன் அழித்தார். அந்த இடத்தில் கனகம் என்று எழுதினார். பழையது முழுதாகப் போன பிறகுதான் அதே பெயரில் புதியதை எழுப்ப முடியும். அதற்குத்தான் அவர் ரிசல்ட் வரை காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

க்ளஸ்டர் எழுந்தது. படங்கள் மளமளவென்று முடிந்தன. ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

சாயங்காலம் சிஸ்டரிடமிருந்து மறுபடி போன். ஸ்பீக்கரில் போட்டேன். "பஸ்ஸு கெளம்பப் போகுது டீச்சரம்மா. சந்தேகம்னு வந்த ஆளுகள எல்லாம் டாக்டர்ட்ட காட்டியாச்சு. நல்லவேளை, எல்லாமே ஆரம்பத்துலதான் இருக்காம், மருந்துலயே சரியாயிருமாம்." அப்புறம் கேட்டார். "ரிப்போர்ட்டுக்கு அடியில கனகம்னு போட்டிருக்கே, அது யாரு? மில்லுப் பழைய பொம்பளைக எல்லாம் கையில வச்சுப் பாத்துட்டு, இது நம்ம கனகமான்னு கேக்குறாக."

எந்த க்ளஸ்டர் பார்த்த வேலை என்று ரிப்போர்ட்டின் அடியில் பெயர் தானாக அச்சாகும். பிழை வந்தால் கண்டுபிடிப்பதற்காக நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

முருகேசன் போன் பக்கம் குனிந்தார். "ஆமா சிஸ்டர். அவதான் பாத்தான்னு சொல்லுங்க."

5. இளையவர்களுக்கு

க்ளஸ்டரைக் கட்டிக் காக்காதீர்கள். அதை எழுப்பத் தெரிந்த ஸ்கிரிப்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் எந்த நாளும் எழுப்பிக்கொள்ளலாம். கேட்டவுடன் ஆகிவிட்டது என்று எழுந்து போகாதீர்கள், ரிசல்ட் வரும்வரை இருங்கள். வேலையைப் பற்றி நான் கற்றது இவ்வளவுதான்.

என் ஸ்கிரிப்டில் இருந்த அந்த விலக்கு வரியை மறுநாள் முருகேசனே எடுத்துவிட்டார். இப்போது சிஸ்டர் ஊர் ஊராக முகாம் போடுகிறார். ஒவ்வொரு முகாமுக்கும் காலையில் கனகம் எழுந்து வருகிறாள், பம்பரமாக வேலை பார்க்கிறாள். சாயங்காலம் டெலிட்டை மட்டும் ஸ்கிரிப்டுக்கு விடாமல் முருகேசனே கொடுக்கிறார். கொடுக்கும்போது, "போயிட்டு வா" என்று மெதுவாகச் சொல்கிறார்.