கட்டைப்பையில் வந்த கம்ப்யூட்டர்

நாற்பத்தாறு வயதுப் பொம்பளை, தான் விளையாடுவதற்காகக் கம்ப்யூட்டர் வாங்குவாள் என்று திருநெல்வேலியில் ஒருத்தருக்கும் தோன்றாது. தோன்றாமல் இருந்துவிட்டுப் போகட்டும். "பிள்ளைக்கா டீச்சர்?" என்று கேட்கிற அந்த வாயைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. ஜங்ஷனில் மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணாச்சி அப்படித்தான் கேட்டார். எனக்கு என்றேன். ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பகல் முழுக்க என்னை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் ஆறரை முதல் ஏழரை வரை எனக்கு வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில், மகள் பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப்பில் லாரி ஓட்டுவேன். பனி மூடிய ஏதோ ஒரு தேசம், நீளமான ரோடு, பின்னால் இருபது டன் மரம். எதிரே வருகிற ஒருத்தனுக்கும் என்னிடம் ஒன்றும் கேட்பதற்கு இல்லை.

ஆனால் அந்த லேப்டாப், லாரி கிளம்பிய அடுத்த நிமிஷம் கிரைண்டர் மாதிரி இரையும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் நான் இருக்கிற அறை வாசலில் வந்து நிற்பார். "ஏட்டி, என்ன செய்யுத?" என்பார். அதற்குப் பதில் அவருக்கு வேண்டாம். மூக்குக்கண்ணாடி எங்கே, நகவெட்டி எங்கே, போன வாரம் வந்த கல்யாணப் பத்திரிகை எங்கே என்று அடுத்தடுத்து வரும். கோர்ட் ஆபீஸ் வேலையில் எத்தனையோ வருஷத்துக் கேஸ் கட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மனுஷருக்கு, சொந்த வீட்டில் ஒரு சாமான் இருக்கும் இடம் தெரியாது. அவர் காதில் விழாத, கண்ணில் படாத ஒரு மெஷின் இருந்தால் என் ஒரு மணி நேரம் பிழைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அண்ணாச்சி முதலில் காட்டியது கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஏழு கலரில் விளக்கு, கல்யாண மண்டப வாசல் தோற்றது. இது எதற்கு என்று கேட்டேன்.

"பாக்க கெத்தா இருக்கும்லா டீச்சர்."

கெத்தைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய? சின்னப் பெட்டி, சின்ன மதர்போர்டு, சின்ன பவர் சப்ளை, அதிகம் சூடாகாத ப்ராஸசர், வேலை இல்லாதபோது விசிறி தானாக நின்றுவிடுகிற கிராஃபிக்ஸ் கார்டு என்று எழுதிக் கொண்டுபோன சீட்டை நீட்டினேன். அதைப் பரீட்சைத் தாள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாரக் கூட்டிட்டு வாங்க, வெவரமாச் சொல்லுதேன்" என்றார்.

"சாருக்குப் பல்பு மாட்டத் தெரியாது" என்றேன்.

பதினைந்து நாள் இழுத்தடித்துச் சாமான்களை வரவழைத்தார். ப்ராஸசர் மேல் உட்கார்கிற கூலரை மட்டும் தன் இஷ்டத்துக்கு உயரமாக வாங்கியிருந்தார். பெட்டி மூடவில்லை. "மூடிய கழத்திப் போட்டுட்டு ஓட்டுங்க, நல்லா காத்து வரும்" என்றார். மூடியைக் கழற்றிப் போட்டால் சத்தமும் நன்றாகத்தான் வரும். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்து காட்டி, குட்டையானதை வரவழைக்க வைத்தேன். பெரிய விசிறி பைய சுற்றினால் சத்தம் குறையும் என்பதையும் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் வேண்டும் என்றார். கரண்ட் போனால் அது கீச்கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டும், வேண்டாம் என்றேன். அந்த மனுஷர் சொன்னதில் உருப்படியானது அந்த யு.பி.எஸ். ஒன்றுதான். அவர் வாயிலிருந்து வந்ததாலேயே நான் கேட்கவில்லை.

மொத்த கம்ப்யூட்டரும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூத்திரச் சந்து மாதிரி ஒடுங்கி இருக்கிற எங்கள் பின்னறை அலமாரியில், ஞானப்பாட்டுப் புத்தகங்களுக்கும் சுவருக்கும் நடுவே வைத்து, மகளுடைய பழைய மானிட்டரை மேஜைமேல் மாட்டி ஆன் செய்தேன். காதைக் கொண்டுபோய் ஒட்டி வைத்தாலும் சத்தம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினேன், அவர் ஒரு தடவைகூட வரவில்லை.

நாலாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. ஐம்பது நிமிஷம் மலைப்பாதையில் சரக்கைக் கொண்டுபோய், கடைசியில் லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். திரை இருண்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் அறை வாசலில் நின்றார். கை சுவிட்ச்போர்டில் இருந்தது. வெளியே போகும்போது வீடு முழுக்கச் சுற்றிப் பிளக் சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுப் போவது அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வழக்கம். அந்த அறையில் திரையின் முதுகுதான் வாசலைப் பார்த்திருக்கும்.

"எதுக்கு அணைச்சிய?"

"ஒண்ணும் ஓடலியே."

"நான் இருக்கேன்லா இங்கன?"

"நீ சும்மாத்தான உக்காந்திருந்த."

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அண்ணாச்சியாவது என்னைப் பார்த்துச் சிரித்தார். இவர் கண்ணுக்கு நான் இருந்ததாகவே படவில்லை. அவர் காதில் விழாமல் இருப்பதற்கு ஸ்கேல் வைத்து அளந்து அளந்து வாங்கியவளும் நான்தான்.

"ஆமா, சும்மாத்தான் உக்காந்திருந்தேன்" என்றேன். "தெனமும் ஒரு மணி நேரம் சும்மா உக்காரதுக்குத்தான் இவ்வளவும் வாங்கிருக்கேன். சுவிட்சப் போடுங்க."

போட்டார். மறுபடி ஆன் செய்து விளையாட்டைத் திறந்தேன். லாரி புறப்பட்ட ஊரிலேயே, சரக்கு ஏற்றாமல் நின்றது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்ப வாங்குன?" என்றார்.

"கதவச் சாத்திட்டுப் போங்க" என்றேன்.