அசையாத துவக்கு

என் வேட்டைத் துவக்கு அசையாமல் நிற்க வேண்டும் என்று நான்கு மாதம் உழைத்தேன். அது அசையாமல் நின்ற அன்று அதன் முனை என் மகளை நோக்கி இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றவற்றைச் சொல்ல எனக்குத் துணிவு வரும்.

நாங்கள் இலங்கையை விட்டு வந்து நோபல் பார்க்கில் இருக்கிறோம். டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தில் இரும்பு கடைவது என் வேலை. என்னை மான் வேட்டைக்கு இழுத்தவர் அங்கே என்னோடு வேலை செய்யும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. விக்ரோரியாவின் மலைக்காடுகளில் திரியும் பெரிய மான் எங்கள் மன்னார்ப் பக்கத்து மரைதான். "எங்களுக்கு முந்தியே இலங்கையில இருந்து கப்பல் ஏறி வந்ததுகளாம். இதுகளிட்ட ஆரும் விசா கேக்கேல்லை" என்பார் அண்ணை.

முழங்கால் நோவை நினைத்து மிக இலேசான துவக்கு ஒன்றை வாங்கியிருந்தேன். தோளில் தொங்குவதே தெரியாது. ஆனால் தூரத்துக் குறி என்று வந்தால் என் மூச்சுக்கும் அது ஆடியது, நெஞ்சுத் துடிப்புக்கும் ஆடியது. இருநூறு மீற்றரில் பக்கவாட்டில் நின்ற ஒரு மரையைத் தவறவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் அண்ணை கேட்டார்: "தம்பி, நீ கொண்டு திரியிறது துவக்கோ, நுளம்பு அடிக்கிற மட்டையோ?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் கராஜில் வேலையைத் தொடங்கினேன். தோளில் பதியும் பின்கட்டையின் வெற்றிடத்தில் ஈயக் குண்டுகளைப் பசையில் குழைத்து நிரப்பினேன். அதனால் துவக்கின் மூக்கு மேலே எழும்பியது. அதைச் சமன் செய்ய, வேலையிடத்தில் ஒரு உருக்குத் துண்டைக் கடைந்து முன்கட்டைக்குள் பொருத்தினேன். படுத்துச் சுடுவதற்கு முன்பக்கம் மடிகிற இரண்டு கால்கள் பூட்டினேன். கன்னம் ஒரே இடத்தில் பதிய ஒரு சிறு கட்டை செய்து, கழற்றிக் கழற்றி அதன் உயரத்தை மாற்றினேன். கடைசியில் சூட்டுப் பயிற்சித் திடலில் என் மூன்று குண்டுகளும் ஒரு நாணயத்தால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன. அந்தக் கடதாசியை மடித்துப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டேன். கோயில் பெருநாளுக்கு மரை இறைச்சி தருவதாக இரண்டு குடும்பங்களிடம் சொல்லியும் விட்டேன்.

துவக்கு ஒரு கிலோ கூடியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மகளும் வந்தாள். பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் படிக்கிறாள். சுடமாட்டாள், பறவை பார்ப்பாள். ஓடைக்கரையில் காரை விட்டோம். அங்கேயே நிற்பதாக அவள் சொன்னாள். நான் ஏற வேண்டிய சரிவைப் பார்த்தேன், தோளில் துவக்கைத் தூக்கிப் பார்த்தேன், பையில் இருந்து சாமான்களை வெளியே எடுக்கத் தொடங்கினேன். இரண்டாவது தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு, பைனாகுலர். ஸ்கோப் இருக்கிறதே, அது இதைவிடத் தெளிவு என்று எனக்கு நானே சொன்னது நினைவிருக்கிறது. ஒரு பொருள் என்னவென்று அறிவதற்குத் துவக்கின் ஸ்கோப்பால் பார்க்கக் கூடாது. அனுமதிப் பத்திரத்துக்கான பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான் சரியாகப் பதில் எழுதியவன்.

மேலே போய்ப் படுத்து ஒரு மணித்தியாலம் இருக்கும். நடைபாதை சுற்றி ஏறும் எதிர்ச் சரிவில், பன்னச் செடிகளுக்குள் மண்ணிறமாக ஒன்று அசைந்தது. துவக்கின் கால்களை விரித்தேன். கன்னத்தைக் கட்டையில் பதித்தேன். பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினேன். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு அந்த மண்ணிறத்தின் நடுவில் போய் நின்றது. ஆடவில்லை. எவ்வளவு நல்லாய் நிற்கிறது என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு அது நிமிர்ந்தது. என் மனைவி அவளுக்கு வாங்கிக் கொடுத்த மண்ணிறக் கம்பளிச்சட்டை. காட்டில் ஆளென்று தெரியப் போடும் செம்மஞ்சள் தொப்பியைக் கழற்றி அதனால் விசிறிக்கொண்டு நின்றாள் என் மகள். சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்திருக்கிறாள்.

அப்போது என் விரல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியில் நீட்டி வைத்திருந்தேனா, விசையில் இருந்ததா? எத்தனையோ தடவை மனதால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். விரல் மட்டும் தெரியவில்லை.

குண்டை வெளியே எடுத்தபோது அது புல்லுக்குள் விழுந்தது. சிறு வயதில் சோதனைச்சாவடியில் என் பக்கம் திரும்பிய துவக்குகளை எனக்குத் தெரியும். அவற்றைப் பிடித்திருந்தவர்களை இவ்வளவு காலமும் நான் வேறு சாதி மனிதர்கள் என்று நினைத்திருந்தேன்.

அவள் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தாள். கழுத்தில் என் பைனாகுலர்.

"இதை சீற்றில விட்டிட்டு வந்திட்டீங்கள் அப்பா. தேடுவீங்கள் எண்டு கொண்டு வந்தனான். என்ன, முகமெல்லாம் வெளிறிப் போச்சு? ஆர் யூ ஓகே?"

"ஏறின களைப்பு."

பக்கத்தில் இருந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். "இதில இருந்து நான் வந்த பாதை முழுக்கத் தெரியுது. என்னைக் கண்டனீங்களா?"

"இல்லை" என்றேன்.

திங்கட்கிழமை அண்ணை கேட்டார்: "எப்பிடி, இப்ப ஆடுதோ?"

"ஆடேல்லை அண்ணை."

"பாத்தியா. நான் நக்கலடிச்சதாலதானே திருத்தினனீ" என்று என் முதுகில் தட்டினார்.

மூன்று கிழமை அந்த 'இல்லை'யோடு வீட்டில் நடமாடினேன். அவள் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தால் வாங்கக் கூசியது. ஒரு காலை அவளை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, காரை நிறுத்திவிட்டுச் சொன்னேன். ஸ்ரியரிங்கைப் பார்த்தபடிதான் சொன்னேன். மண்ணிறச் சட்டை, ஸ்கோப், பொய், எல்லாம்.

ஒரு ரயில் வந்து போனது.

"லோட் பண்ணியிருந்ததா?"

"ஓம்."

"ஃபிங்கர்?"

"தெரியாது."

"இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே அப்பா. நான் நம்பியிருப்பன்."

"ஒருக்கா அப்பிடிச் சொல்லிப் போட்டன்" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. குனிந்து சொன்னாள்: "அம்மாட்ட நீங்கள் சொல்லுங்கோ. நான் அவவிட்ட ஒண்டையும் மறைக்க மாட்டன். பின்னேரம் நான் வர முந்திச் சொல்லுங்கோ."

வேலைக்குப் போகவில்லை. கராஜுக்குப் போய்ப் பின்கட்டையைக் கழற்றினேன். ஈயம் பசையோடு இறுகிக் கிடந்தது, உளியால் குத்தியும் வரவில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறேன். அதை அப்படியே பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினேன்.

மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பெட்டகத்தின் திறப்பை மேசையில் அவள் பக்கமாக வைத்தேன்.

"என்னப்பா, வேலை இல்லையோ?"

"கையைக் கழுவிப்போட்டு இரும்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். "பிள்ளையைப் பற்றி ஒண்டு சொல்லோணும். பிள்ளைக்கு ஒண்டுமில்லை. நான் செய்தது."

அவள் தண்ணீரை நிற்பாட்டினாள்.