கேன்டீன் டிவியில் கேட் தெரிய வேண்டும்

கும்மிடிப்பூண்டியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு என்னை அனுப்பியபோது நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே உள்ள கேமரா, வீடியோ பிளேயர், டிவி எல்லாவற்றின் ஒயர்களும் ஒரே பெட்டியில் போய்ச் சேரும். எந்தப் படம் எந்த டிவிக்கு என்பது அந்தப் பெட்டியின் பொறுப்பு. பெட்டியில் பட்டன்கள் உண்டு. நான் தொட மாட்டேன். லேப்டாப்பை மாட்டி ஒரு வரி கட்டளை டைப் செய்து என்டர் தட்டினால், கட்டடத்தின் மறுகோடியில் ஒரு டிவி மாறும். 'ஓகே' என்று பெட்டி பதில் எழுதும். அந்த ஓகேவைப் பார்ப்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆடிட் வரப்போகிறது, எல்லா டிவியிலும் பாதுகாப்புப் படம் ஓட வேண்டும் என்றார் மேனேஜர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி. அடித்தேன், ஓகே வந்தது, சாப்பிடப் போனேன்.

கேன்டீனில் முதல் ஷிப்ட் முடித்த பெண்கள் தட்டோடு டிவியை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதான் மாத்தினியா தம்பி?" என்றார் எதிரில் இருந்த அக்கா. "வாசல் கேட்டைக் காட்டிக்கினு இருந்துச்சு. இப்ப இவரு வந்து ஹெல்மெட்டு போடச் சொல்றாரு."

"கேட்ல இன்னாக்கா பாப்பீங்க?"

"மாப்ள வர்றாரான்னு." பக்கத்தில் சிரித்தார்கள். "பஸ்ஸுப்பா. எப்ப வரும்னு டிரைவருக்கே தெரியாது. வந்தா நிக்கவும் நிக்காது."

கேன்டீன் இருப்பது பின்பக்கம். அங்கிருந்து கேட் தெரியாது. பஸ்ஸை விட்டால் பொன்னேரி ரயிலையும் விட வேண்டியதுதான். அடுத்த ரயிலில் போவதற்குள் பால்வாடியைப் பூட்டிவிடுவார்கள், அக்காவின் மகள் தெருவில் நிற்பாள். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஹார்ன் கேட்டது. தட்டை அப்படியே விட்டு ஓடினார், நேராக யார்டில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் போகும் வழியில். வண்டி அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"ஊட்ல சொல்லிக்கினு வந்துட்டியாம்மா?" என்று கத்தினார் ஓட்டியவர்.

ஹார்ன் அடித்தது ஒரு லாரி. திரும்பி வந்து உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை.

நான் மேனேஜரிடம் போனேன்.

"ஆடிட்டர் வரும்போது கேன்டீன் டிவில கேட் ஓடினா நான் இன்னா சொல்றது?" என்றார்.

"படத்தையும் குரலையும் தனித்தனியா அனுப்பலாம் சார். படம் கேட்டோடது. குரல் பாதுகாப்புப் படத்தோடது."

"பாக்கறவன் பைத்தியம்னு நெனைப்பான்பா."

"இப்ப ஒரு அக்கா ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முன்னாடி ஓடினாங்க சார். பஸ்ஸுன்னு நெனச்சிக்கினு. அதை ஆடிட்டர் பாத்தா?"

அவர் ஜன்னல் வழியாக யார்டைப் பார்த்தார். "ஷிப்ட் விடற நேரத்துக்கு மட்டும் போடு," என்றார்.

படத்துக்கு ஒரு வரி, குரலுக்கு ஒரு வரி. அவசரத்தில் டிவியின் எண்ணை மாற்றி அடித்துவிட, வரவேற்பறை டிவி ஊமையானது. திருத்தினேன். அந்த நேரத்தில் மட்டும் மாறும்படி வைத்து, கரண்ட் போய் வந்தாலும் பெட்டி மறக்காதபடி சேமித்தேன்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கேன்டீனில் இருந்தேன். தலைக்கவசம் அணிவது கட்டாயம் என்றது குரல். திரையில் கேட் செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். அக்கா ரசம் கேட்டு இன்னொரு முறை ஊற்றிக்கொண்டார். திரையின் ஓரத்தில் பஸ்ஸின் மூக்கு தெரிந்தது. கடைசி வாயைப் போட்டுக்கொண்டு, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு, யார்டைச் சுற்றிப் போகும் நடைபாதையில் நடந்து போனார்.