மாஸ்டருக்கு ஒரு வண்டி

நியூஜெர்சிக்கு வந்து எட்டு வருடம் ஆன பிறகும் நான் யாருடைய வண்டியிலாவது ஏறிப் போகிற ஆளாகத்தான் இருந்தேன். காலையில் ஓட்டல் முதலாளியின் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதே வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். மளிகைக் கடை, கோயில், பல் டாக்டர் என்று எங்கே போவதானாலும் யாராவது ஒருவரைக் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு, பல்வலியோடு ஒரு மாதம் இருந்திருக்கிறேன். லைசென்ஸ் எடுங்கள் என்று பலர் சொன்னார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பரீட்சைக்கான ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு அலமாரி மேலே போட்டுவிட்டேன்.

பிஸ்கட்டவே என்ற ஊரில் நான் இருந்த அபார்ட்மெண்டுக்கு மேல் மாடியில் மூன்று தம்பிகள் குடியிருந்தார்கள். மூவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் சென்னை, இன்னொருவர் நாகர்கோவில். நாகர்கோவில்காரர் என்னைப் போலவே அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஓட்டலுக்குச் சாப்பிட வருவார்கள். தோசைக்கல்லுக்குப் பின்னால் நான் நிற்பது அவர்களுக்குத் தெரியும். போகும்போது பக்கத்தில் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான்.

இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று சொல்லி, புத்தாண்டு அன்று அவர்களை ஆபீசிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். எதுவும் குழம்பவில்லை. அந்தக் கடுப்பில், எங்காவது போயே தீர வேண்டும் என்று ஜனவரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அரசாங்க விடுமுறை வந்தது. எங்கள் ஓட்டலுக்கும் திங்கள்தான் லீவு. பென்சில்வேனியா மலைப்பக்கம் போய், பனியில் ஏடிவி ஓட்டப் போகிறோம் என்று கோயம்புத்தூர்த் தம்பி என்னிடம் சொன்னார். குண்டுக் குண்டாக நாலு டயர் வைத்த மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்குமாம். காட்டுக்குள் அதற்கென்றே பாதை விட்டிருப்பார்களாம். ஆளுக்கு ஒரு வண்டி.

"நீங்களும் வாங்க மாஸ்டர். ஓட்டறீங்களா?" என்றார்.

"பார்க்கலாம் தம்பி" என்றேன்.

எனக்கு அந்த நிமிடமே ஓட்ட வேண்டும் என்று இருந்தது. லைசென்ஸ் கேட்காத ஒரு வண்டி, நானே உட்கார்ந்து நானே திருப்புகிற வண்டி. ஆனால் கேட்ட உடனே சரி என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பந்தியில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் இலைக்கு மேலே கையை மறிப்போம். போடுகிறவர் விடமாட்டார், இன்னொரு தடவை கேட்பார். அந்த இரண்டாவது தடவைக்காக நான் நின்றேன். தம்பி தலையாட்டிவிட்டு பில் கட்டப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணக்கில் நான் இருக்கிறேனா, இல்லையா? மேல் மாடியில் காலடி கேட்டால், இறங்கி வந்து கேட்கப்போகிறார்கள் என்று காத்திருப்பேன். காலடி சமையலறைக்குப் போய்த் திரும்பிவிடும்.

ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் ஒரு மெக்சிகோக்காரர். அவருக்கும் எனக்கும் நடுவில் ஓடியது கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் ஸ்பானிஷ், அவர் பிடித்துக்கொண்ட 'சீக்கிரம்', 'போதும்' போன்ற தமிழ் வார்த்தைகள். ஒரு அட்டைப்பெட்டியில் அந்த வண்டியைப் படமாக வரைந்து காட்டினேன். "குவாத்ரிமோத்தோ!" என்று சிரித்தார். அவருடைய மாமாவின் மாட்டுப் பண்ணையில் ஓட்டியிருக்கிறாராம். மாவு வாளி ஒன்றைக் கவிழ்த்து என்னை அதன்மேல் உட்காரவைத்தார். பைக் மாதிரி கைப்பிடியை முறுக்கக் கூடாது, கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்த வேண்டும், திரும்பும்போது திரும்புகிற பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும், பனியில் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது என்று கையாலும் உடம்பாலும் சொல்லிக் கொடுத்தார். சர்வர் பெண் உள்ளே வந்ததும் நான் எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாவுக் கரண்டியைப் பிடித்தாலும் கட்டைவிரல் தானாக அழுத்தியது. தோசை வட்டம் பிசகி நீளமாக வந்தது.

வாரத்தின் நடுவில், கீழ்த்தளத்துத் துணி துவைக்கும் அறையில் சென்னைத் தம்பியைப் பார்த்தேன். "மாஸ்டர், உங்களுக்கும் சேத்து வண்டி சொல்லியாச்சு. கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டு, உலர்ந்த துணியை அள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

என் துணி உலர இன்னும் நேரம் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. அந்தச் சின்ன அறையிலேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். மறுநாளே முதலாளியிடம் வேனை வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி, தண்ணீர் ஏறாத கையுறையும் உள்ளே போடுகிற தெர்மல் உடுப்பும் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்டார். குளிருக்கு என்றேன்.

பிறகு வானிலைக் கவலை பிடித்துக்கொண்டது. திடீரென்று குளிர் விட்டு மழை பெய்தது. எங்கள் பார்க்கிங்கில் ஒதுக்கிக் குவித்திருந்த பனி கறுத்துப்போய், நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. வேனுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பேன். டிவியில் சொல்வது எனக்குப் புரியாது. மேகப் படத்தில் பனிக்கு வெள்ளைப் புள்ளி போட்டிருக்கிறார்களா, மழைக்கு நீலக்கோடு போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். எல்லாம் நீலக்கோடாக இருந்தது.

போவதற்கு முந்தைய நாள் ஞாயிறு. மதியக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபின், மாலை வேலைக்கு வேன் வருவதற்குள் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. மேலே வரச் சொன்னார்கள். போனேன். தரையில் ரோடு மேப்பை விரித்து மூவரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மலையில் நன்றாகப் பனி இருக்கிறது, போனில் கேட்டாகிவிட்டது என்று கோயம்புத்தூர்த் தம்பி சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. ஜீன்ஸ் போடக் கூடாது, நனைந்தால் விறைத்துவிடும் என்றார். மூன்று வண்டி, மூன்று ஹெல்மெட் என்றார்.

மூன்றுதானா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சென்னைத் தம்பி என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர் ஹீட்டர் போட்ட ரூம்ல ஜம்முனு உக்காந்துகிட்டு, நாங்க விழுந்து வாரறத போட்டோ புடிப்பாரு. புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு பொரியல். சரிதானே மாஸ்டர்?"

"வண்டி சொல்லியாச்சுன்னீங்களே தம்பி?"

"ஆமா, ஏழு சீட்டு வேன். பின்சீட்டு முழுக்க உங்களுக்குத்தான். கால நீட்டிப் படுத்துட்டு வாங்க."

சரி தம்பி என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். கட்டிலில் கையுறை விலைச் சீட்டோடு கிடந்தது. அரிசி டப்பாவைத் திறந்தேன், மூடினேன். ஓட்டல் வேன் வர நேரமாகிக்கொண்டிருந்தது. வேனில் ஏறிவிட்டால் அப்புறம் கேட்க முடியாது. விடிந்ததும் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அதை நினைக்க நினைக்க, நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் மறுபடியும் மேலே ஏறினேன். கதவைத் தட்டிய பிறகுதான் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை என்பது தெரிந்தது.

"தம்பி, எனக்கும் ஒரு வண்டி வேணும்."

"வேன்லதான் எடம் இருக்கே மாஸ்டர்" என்றார் சென்னைத் தம்பி.

"அது இல்ல. பனியில ஓட்டறது."

கோயம்புத்தூர்த் தம்பி எழுந்து நின்றார். "ஏனுங்க மாஸ்டர், நான் அன்னைக்கே கேட்டனே. பார்க்கலாம்னீங்க. எங்கூர்ல பார்க்கலாம்னா வேண்டாம்னு அர்த்தமுங்க."

"எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றார் நாகர்கோவில் தம்பி. அன்று அவர் பேசியது அந்த ஒன்றுதான்.

எங்கள் ஊரிலும் அதுதான் அர்த்தம்.

விடுமுறை நாளாச்சே, வண்டி எல்லாம் போயிருக்கும், எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று கோயம்புத்தூர்த் தம்பி சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்கும் சரி என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது.

"பின்னாடி வேண்டாம் தம்பி. ஓட்டணும்" என்றேன்.

அவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். வண்டி வாடகைக்கு விடுகிற இடத்திலிருந்து பேசியது ஒரு அம்மா. ரொம்ப நேரம் ஆங்கிலத்தில் போனது. நடுவில் போனைக் கையால் மூடிக்கொண்டு, "பழைய வண்டி ஒண்ணு இருக்குதாமுங்க. இதுக்கு முன்னாடி ஏதாவது வண்டி ஓட்டியிருக்காரான்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். ஓட்டியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள் என்று சென்னைத் தம்பி சாடை காட்டினார்.

"இல்லன்னு சொல்லுங்க. கத்துக்கறேன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். கேட்டார். பிறகு சிரித்தார். கடை திறப்பதற்கு முன்பே வந்தால் முற்றத்தில் ஓட்டப் பழக்கிவிடுகிறேன், நன்றாக ஓட்டினால்தான் காட்டுக்குள் விடுவேன் என்று அந்த அம்மா சொன்னாராம். அப்படியென்றால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும்.

"அப்போ சாப்பாடு?" என்றார் சென்னைத் தம்பி.

"நாளைக்கு நான் சமைக்கல."

"போச்சுடா. மாஸ்டரே ஸ்ட்ரைக் பண்ணிட்டாரு. எல்லாருக்கும் பிரெட்டு ஜாம்தான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் இருட்டோடு எழுந்து அவரேதான் ஜாம் தடவினார். ஓரமெல்லாம் கிழிந்துபோன ரொட்டியை ஃபாயிலில் சுற்றி என் கையில் கொடுத்தார். வேனில் ஏறினோம். ஒரு வாய் கடித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆற்றுப் பாலம் தாண்டும் வரை மழைதான். மலை ஏற ஏற அது வெள்ளையாக மாறி, கண்ணாடியில் சத்தமில்லாமல் விழுந்தது. நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் புதிய பயம் வந்துவிட்டது. முற்றத்தில் ஓட்ட முடியாமல் போனால்? காட்டுக்குள் விட முடியாது என்று இவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டால்?

நாங்கள் போனபோது கம்பிக் கதவு பூட்டியிருந்தது. வேனுக்குள் இருக்க முடியாமல் இறங்கி நின்றேன். கணுக்கால் வரை பனி. குளிருது, உள்ள வாங்க மாஸ்டர் என்று ஜன்னலை இறக்கிக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக, பனி மூடி, படுத்திருக்கும் மாடுகள் மாதிரி தெரிந்தன. எனக்கு எது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான அம்மா கையில் துடைப்பத்தோடு வந்தார். ஒவ்வொரு வண்டியின் மேலிருந்தும் பனியைத் தள்ளிவிட்டு, கடைசியில் இருந்த சிவப்பு வண்டியைக் கிளப்பி முன்னால் நகர்த்தினார். கதவைத் திறந்து, கற்றுக்கொள்ள வந்தவர் யார் என்று வேனைப் பார்த்துக் கேட்டார். அந்த ஆங்கிலம் எனக்குப் புரிந்தது.

"நான்தாம்மா" என்றேன். அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது.

அவர் ஒரு ஹெல்மெட்டை என் தலையில் வைத்து வாரை இழுத்தார். நெற்றியைப் பிடித்துக் கவ்வியது. போதுமா என்பது போலப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் அதைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்து, இதைவிடப் பெரியது வேண்டும் என்றேன்.