பயணிகளை இறக்கிவிட வேண்டுமாம்!

"பயணிங்க எல்லாரையும் தூக்கிடுங்கக்கா. வண்டி பறக்கும்!"

இப்படிச் சொன்னவர் பஸ் முதலாளி இல்லை. போக்குவரத்து அதிகாரியும் இல்லை. ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. அவர் சொன்னது நிஜ பஸ்ஸைப் பற்றியும் இல்லை. கம்ப்யூட்டர் கேமில் ஓடுகிற பஸ்ஸைப் பற்றி!

எனக்கு வந்ததே கோபம்... கடை வாசல் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இந்த வயசுல இந்தம்மாவுக்கு கேமாம், அதுக்கு ஒரு சண்டையாம்" என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

நீங்களும் சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சிரிப்பதா, என்னோடு சேர்ந்து கோபப்படுவதா என்று முடிவு செய்யுங்கள்.

என் வீட்டுக்காரர் தனியார் பஸ் டிரைவர். 'டிரைவராக இருந்தவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுதினால் அவர் முகம் வாடிவிடும் என்பதால் எழுதவில்லை. விருத்தாசலம் – சேத்தியாத்தோப்பு ரூட்டில் அவர் வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. பீங்கான் பொம்மைக் கூடையோடு ஏறுகிற பெண்கள் முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு இவர் பஸ்ஸுக்காக நிற்பார்கள். கொலு சமயத்தில் கூடை கூடையாக ஏறும். ஒரு பொம்மைக்கு மூக்கு உடைந்தது கிடையாது.

"பிரேக்கு போட்டதே உள்ள ஒக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. அதான் டிரைவரு. மத்ததெல்லாம் ஸ்டியரிங்க புடிச்சிகினு தொங்கறது" என்பார்.

போன வருஷம் ஒரு காலை, சட்டைக்குப் பொத்தான் போடும்போது வலது கை கேட்கவில்லை. அடுத்து கால். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுபோனதால் பிழைத்தார். பேச்சும் திரும்பியது, நடையும் வந்தது. ஆனால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஊர் உயிர் அவர் கையில் இருக்கிறதே!

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகன்தான் யோசித்து, ஒரு பழைய கம்ப்யூட்டரையும், அதோடு ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கிக் கொண்டுவந்து வைத்தான். பஸ் ஓட்டுகிற கேம். கைக்கும் காலுக்கும் நல்ல பயிற்சி என்று பிசியோதெரபி பார்ப்பவரும் தலையாட்டினார்.

"பொம்ம ஸ்டியரிங்க வெச்சிகினு வெளையாட நான் என்ன கொழந்தையா?" என்றார் இவர். அன்று மாலை உட்கார்ந்தவரைச் சோற்றுக்கு எழுப்ப முடியவில்லை.

கேமில் வருவது ஏதோ வெளிநாடு. தூரத்தில் பனி மலை எல்லாம் தெரியும். அதைப் பற்றி இவருக்கு என்ன? பெரிய ஆறு வந்தால் அது வெள்ளாறு. பாலம் தாண்டினால் சேத்தியாத்தோப்பு. கோபுரம் மாதிரி உயரமாக ஏதாவது தெரிந்தால் ஸ்ரீமுஷ்ணம் வந்துவிட்டது என்று எனக்கு அறிவிப்பு வரும். அந்த பஸ்ஸில் பயணிகள் ஏறுவார்கள், இறங்குவார்கள், பிரேக்கை வெடுக்கென்று போட்டால் இங்கிலீஷில் திட்டுவார்கள். இவர் திரையைப் பார்த்துப் பதில் சொல்வார்: "மன்னிச்சிக்கங்கம்மா, குறுக்க வந்துட்டான்!"

நான் கீரை ஆய்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். மனசு நிறைந்திருக்கும்.

அப்புறம்தான் சனியன் பிடித்தது.

ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போது பஸ் ஒழுங்காகத்தான் போகும். போகப் போகத் திக்கும். படம் ஒரு கணம் நிற்கும், பிறகு தாவும். பாலம் வரும்போது சுத்தமாகக் கெட்டுவிடும். இவர் இங்கே பிரேக்கை மிதித்தால் அங்கே பஸ் சாவகாசமாக யோசித்துவிட்டு நிற்கும். அதற்குள் பஸ் ஆற்றில்! தினமும் வெள்ளாற்றில்தான் முடிந்தது பயணம்.

கொஞ்ச நாளில் உட்காருவதை நிறுத்திவிட்டார். ஸ்டியரிங் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். கையில் பிசைவதற்குக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. காலுக்கான பயிற்சியும் போயிற்று. 

"மெஷினு ரிப்பேருங்க. அதுக்குப் போயி இப்புடி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு ஒக்காந்துருந்தா எப்படி?" என்று ஒருநாள் சத்தம் போட்டேன்.

மெதுவாகத்தான் சொன்னார். "வண்டியக் குறை சொல்லாத புள்ள. பிரேக்கு லேட்டா வுழுவுது. அது என் காலு. என் காலு எனக்குத் தெரியாதா? இது இனிமே வராது."

 இத்தனை நாளும் இந்த மனுஷன் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாரா? மெஷின் திக்குவதைத் தன் உடம்பு திக்குவதாக!

நிரூபிக்கலாம் என்று நானே உட்கார்ந்து ஓட்டினேன். என் பஸ்ஸும் ஆற்றில் விழுந்தது. "பாத்தீங்களா!" என்றேன். "நீ ஓட்டுனா ஆத்துலதான் வுழுவும். அதுக்கு மெஷினு என்ன பண்ணும்?" என்றார். வாதம் அங்கேயே முடிந்தது.

மகனுக்குப் போன் போட்டேன். "செட்டிங்ஸ கொறைங்கம்மா" என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நிழல் வேண்டாம். நிழல் போயிற்று. மரங்கள் வேண்டாம். மரங்கள் போயின. மழை போயிற்று. படத்தின் தெளிவைக் குறைத்தோம். ஜனங்களின் முகமெல்லாம் சூளைக்குப் போகாத பச்சை மண் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில், பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னான்.

"கண்ணாடி இல்லாம வண்டி ஓட்டணுமா? லைசென்ச புடுங்கிடுவாங்க!" என்றார் இவர். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது போல. எழுந்து உள்ளே போய்விட்டார்.

இத்தனையும் கழற்றி எறிந்த பிறகு பஸ் ஓடியதா? அதே பாலம், அதே ஆறு!

இன்டர்நெட்டிலும் தேடினேன். 'உங்கள் கேம் வெண்ணெயாக ஓட வேண்டுமா?' என்று ஆளாளுக்கு வீடியோ போட்டிருக்கிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான் — அதை எடு, இதை அணை, அதுவும் முடியாவிட்டால் புதுசு வாங்கு. ஏன் திக்குகிறது என்று ஒரு மகராசனாவது கேட்கவில்லை.

அதனால்தான் அந்தக் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள் என்றார் தம்பி. மறுநாள் போய் நின்றபோதுதான், பயணிகளைத் தூக்கிவிடுங்கள் என்ற அந்தத் திருவாக்கு. அல்லது புது மெஷின்.

என் கத்தலுக்கு நடுவே இவர் ஒன்று சொன்னார்: "ஆளில்லாம ஓடுனா அதுக்குப் பேரு பஸ்ஸு இல்ல தம்பி. ஷெட்டுக்குப் போற வண்டி."

பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்தோம். வழியெல்லாம் எதிரே வந்த பஸ்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுகூட அப்படி இல்லை.

கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது துடைப்பேன். பீங்கான் சூளைகள் நிறைந்த நம்மூரில் துடைப்பதற்கா பஞ்சம்? பீங்கான் மண் தூசு ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில், வெளிச்சத்தில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

முன்பக்கம் வந்ததும் வழக்கம்போல் கை நின்றது. ஆயுத பூஜைச் சந்தனம்!

போன ஆயுத பூஜைக்கு இவர் பஸ்ஸுக்குச் செய்கிற மாதிரியேதான் இதற்கும் செய்தார். பஸ்ஸின் முன்னால் ரேடியேட்டர் கம்பி மேல் சந்தனத்தை அப்பி, பட்டை போட்டு, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சாத்துவார்கள் அல்லவா? இந்தப் பெட்டிக்கும் முன்னால் சல்லடைக் கண்ணாக ஓட்டைகள். அது முழுக்கக் குழைத்து அப்பி, மேலே பட்டை போட்டு, நடுவில் குங்குமம். சக்கரம் இல்லாத குறைக்கு எலுமிச்சம்பழத்தை அந்தப் பெடலால் நசுக்கினார். அந்தச் சந்தனம் காய்ந்து, அதன் மேல் நம்மூர் தூசு படிந்து, சூளையில் வைத்து எடுத்தது போல இறுகிக் கிடந்தது.

பூஜைச் சந்தனத்தை யார் துடைப்பார்கள்? எங்கள் வீட்டில் கிரைண்டரில், பீரோவில், தையல் மெஷினில் வைத்த பொட்டெல்லாம் தானாக உதிர்ந்தால்தான் உண்டு. இதையும் சுற்றிச் சுற்றித்தான் துடைத்து வந்தேன்.

துடைத்த வரைக்கும் சரியாக இருக்கிறதா என்று பெட்டியை ஆன் செய்தேன். மாலையிலிருந்து எப்போதோ உதிர்ந்து இடுக்கில் சிக்கியிருந்த ஒரு சாமந்தி இதழ் கீழே விழப் போனது. விழவில்லை. சந்தனம் படாமல் தப்பித்திருந்த ஒரு மூலை ஓட்டையில் போய்ப் பச்சென்று ஒட்டிக்கொண்டது. எடுத்துவிட்டேன். மறுபடி ஒட்டியது.

அடப்பாவமே... இது மூச்சு இழுக்கிற இடம்!

கடைக்குப் போன் போட்டேன். "தம்பி, முன்னாடி சந்தனம் அப்பியிருந்துச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேங்கக்கா. காத்து உள்ள போவாது. சூடாயிடும். சூடானா மெஷினு தானா வேகத்தக் கொறச்சிக்கும்..."

"தெரிஞ்சுமா வுட்டீங்க?"

"பூஜ போட்டதுங்கக்கா! சாமி சந்தனத்தப் போயி நான் எப்புடிங்க சொரண்டறது? அண்ணன் வேற ஒடம்பு முடியாதவரு, மனசு சங்கடப்படுவாருன்னு..."

கேட்டீர்களா நியாயத்தை? சந்தனத்தில் கை வைக்க மனசு வரவில்லையாம். ஒரு பஸ் நிறைய ஜனங்களைத் தூக்கி வெளியே போட மனசு வந்ததாம்! புது மெஷின் வாங்கச் சொல்ல வாய் வந்ததாம்! போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் திட்டினேன்.

இவரிடம் சொன்னேன். திகைத்துப் போய்ப் பார்த்தார். "பஸ்ஸுக்கும் இப்புடித்தான போடுவோம்... மறுநாள் மொத டிரிப்புக்கு முன்னாடி ரேடியேட்டர் பக்கம் மட்டும் தொடச்சிடுவாங்க."

"யாரு?"

"கிளீனருதான்."

"இங்க யாரு கிளீனரு?"

என்னையே பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

சாமியைக் கும்பிட்டுவிட்டு, கரண்டைப் பிடுங்கிவிட்டு, பல்குச்சியும் பழைய டூத் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். அவர் டார்ச் பிடித்தார் — வலது கையில். வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. ஆனால் கையை மாற்றவில்லை. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினால் உள்ளே விசிறியெல்லாம் சந்தனமும் பீங்கான் மண்ணுமாக அப்பிக் கிடந்தது. ஒரு முறம் நிறைய வாரினேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம், அரை முறம்.

எடுத்ததையெல்லாம் திரும்பப் போட்டோம். நிழல், மரம், மழை, கண்ணாடி, முகம் தெரிகிற ஜனங்கள். துண்டை உதறிவிட்டு உட்கார்ந்தார்.

பஸ் கிளம்பியது. ஏறினார்கள், இறங்கினார்கள். பாலம் வந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுப் பாலத்தில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. இவர் கால் பெடலை அழுத்தியது. பஸ்ஸும் கூடவே, வழுக்கினாற்போல் நின்றது. உள்ளே இருந்த ஒருவரும் திட்டவில்லை.

"காலு இருக்குது புள்ள" என்றார். அவ்வளவுதான்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அழுகையாக வந்தது. அழுதேன்.

அழுது முடித்ததும் திரும்பக் கோபம் வந்தது. இந்த முறை கடைக்காரத் தம்பி மேல் மட்டும் இல்லை. எது மெதுவானாலும் நாம் செய்வது இதுதானே? என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்க மாட்டோம். ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவோம். இவருக்கும் அதையேதான் செய்தோம். கடைத்தெருக் கூட்டம் வேண்டாம் என்றான் மகன். கல்யாண வீடு வேண்டாம், அலைச்சல் என்றார் என் அண்ணன். டாக்டர் தடுத்தது ஸ்டியரிங்கை மட்டும். 'கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விடுங்கள்' என்றுகூடச் சொன்னார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களோடு நின்று டீ குடிப்பதைத் தடுத்தது யார்? நான்தான். எல்லாம் அன்பினால்தான்... பூஜைச் சந்தனமும் அன்பினால் அப்பியதுதானே!

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வரேன்."

'வேணாம்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"செல்ல எடுத்துக்குங்க. ரோட்ட பாத்து தாண்டுங்க. போயிட்டு வாங்க."

அடுத்த ஆயுத பூஜைக்கும் எங்கள் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் உண்டு. நெற்றியில் மட்டும்... மூக்கில் இல்லை!